தாத்தாவின் துப்பாக்கியும் ஜவளகிரிக் காடும்

நம் சங்க இதழில் காசி, இராமேசுவரம், பத்ரிநாதம் என்று பெரிய யாத்திரைகளைப் பற்றி அன்பர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். நான் எழுதப்போவது அத்துணை நெடும் பயணம் அன்று. பெங்களூரில் காலையில் புறப்பட்டு மறுநாள் மாலைக்குள் திரும்பிவிட்ட சிறு பயணம். புண்ணியத் தலம் எதையும் நான் தரிசிக்கவில்லை. ஒரு போலீசு நிலையத்தையும் ஒரு காட்டோரச் சிற்றூரையுமே கண்டு வந்தேன். ஆயினும் திரும்பி வந்த நாள் முதலாய் அப்பயணம் என் மனத்தை விட்டு அகலவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாய்ப் பொருள் ஈட்டும் என் நடையில் குறைகள் இருக்கும். அன்பர்கள் பொறுத்தருள்க.

என் பெரியப்பாவுக்கு இப்பொழுது எழுபத்தெட்டு வயது. தளிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீகச் சிற்றூரில் தனியே இருக்கிறார். அவர் ஒருநாள் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, தாத்தாவின் துப்பாக்கியை அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இருக்கிறேன். மனு எழுதிக் கொடுத்தாயிற்று. கையெழுத்திடும் நாளில் நீ உடன் இருக்க வேண்டும். உன் அப்பன் இருந்தால் அவனைக் கூப்பிட்டிருப்பேன்” என்றார். பெரியப்பா என்னிடம் எதையும் கேட்டவர் அல்லர். ஆகவே இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பட்டாளத்தோடு வந்தவர்கள்

கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் நினைவு வரும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். அதன்பின் சிப்பாய்களாகவும், அவர்களுக்குத் துணி வெளுப்பவர்களாகவும், சமைப்பவர்களாகவும், கணக்கு எழுதுபவர்களாகவும் தமிழர் திரள் திரளாக இங்கு வந்தனர். 1834 முதல் மதராஸ் சாப்பர்சு எனும் பொறியியல் படையின் தலைமையிடமும் இவ்வூரே ஆயிற்று. 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் புகைவண்டி கன்டோன்மென்டுக்கு வந்தது. அதன் பின்னர் வந்தவர்க்குக் கணக்கில்லை. அல்சூர் ஏரிக்கரையில் இன்று குடியிருக்கும் நம்மவரில் எத்தனையோ பேருடைய முன்னோர் இவ்வாறு பட்டாளத்தின் நிழலில் வந்தவர்களே.

என் தாத்தாவும் சாப்பர்சு படையில் சேர்ந்து இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து சென்று ஹவில்தாராய்த் திரும்பினார். பாலம் கட்டுவது அவர்தம் தொழில். துப்பாக்கி உடன் இருப்பது கடமை. நம் ரயில்வேக்கும் துப்பாக்கிக்கும் அக்காலத்தில் உறவு உண்டு என்பதை அன்பர்கள் பலர் அறியமாட்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ரயில்வேயில் பணி செய்த ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் துணைப்படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற வேண்டும். மதராஸ் தென்மராட்டா ரயில்வேக்கு ‘ரைபிள்ஸ்’ என்ற பெயரில் தனிப் படைப்பிரிவே இருந்தது. 1947ல் நாடு விடுதலை பெற்றதும் அத்துணைப்படை கலைக்கப்பட்டது. டிக்கெட்டுப் பரிசோதகர் ஞாயிற்றுக்கிழமையில் குறி பார்த்துச் சுடுவதை எண்ணிப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது!

நான் ஏறிய வண்டி காலை வேளையில் பெல்லந்தூர் ரோடு, கார்மேலாரம், ஹீலலிகே, ஆனேக்கல் ரோடு என்று நின்று நின்று ஓசூரை அடைந்தது. புகைவண்டி என்று நாம் இன்னும் சொல்கிறோம். புகைதான் இல்லை, மின்சாரத்தால் ஓடுகிறது. ஓசூருக்கு முதன் முதலில் இருப்புப்பாதை வந்த வழி இஃது அன்று. மொரப்பூரிலிருந்து இரண்டரை அடி அகலமே உள்ள ஒரு குறுகிய பாதை 1906ல் தர்மபுரிக்கும் 1913ல் ஓசூருக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941ல், அதை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டனர். போர் எங்கள் சீமையிலிருந்து தண்டவாளத்தைக் கொண்டுபோயிற்று. துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தது.

வேடம் மாறிய துப்பாக்கி

பெரியப்பா தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் அணிந்து, கையில் ஒரு பழைய தோல்பையை வைத்திருந்தார். பையில் லைசென்ஸ் புத்தகமும் காகிதங்களும் இருந்தன. துப்பாக்கி ஏற்கெனவே நிலையத்தில்தான் இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் லைசென்ஸ் உள்ளவர்கள் தத்தம் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் தேர்தல் முடிந்தபின் பெற்றுக்கொள்வது வழக்கம். சென்ற தேர்தலின்போது ஒப்படைத்ததைப் பெரியப்பா திரும்பப் பெறவேயில்லை.

காவலர் ஒருவர் அதைக் கொண்டுவந்து மேசையின்மேல் வைத்தார். சிறுவயதில் தொடக்கூட அனுமதி கிடைக்காத அப்பொருளை நான் அன்றுதான் அருகே நின்று பார்த்தேன். அதன் வரலாற்றைப் பெரியப்பா எனக்கு ஒவ்வோர் உறுப்பாய்த் தொட்டுக் காட்டினார்.

கைப்பிடிக்கு மேலே உள்ள இரும்பு வளையத்தில் ஒரு மகுடம். அதன் கீழே ‘ஜி. ஆர். ஐ.’ என்ற எழுத்துகள். அதன் கீழே ‘இஷாப்பூர்’ என்றும், ‘1917’ என்றும் பொறித்திருந்தது. ஜார்ஜ் சக்கரவர்த்தியின் படைக்காகக் கல்கத்தாவுக்கு அருகே உள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையில் முதல் உலகப் போர்க்காலத்தில் செய்த லீ என்ஃபீல்டு துப்பாக்கி அது. நம்மவர் ‘திரீ நாட் திரீ’ என்று அழைப்பதும் இதன் இனமே. குழலின் துளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்பதே அப்பெயரின் பொருள். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். எடை ஏறத்தாழ நான்கு கிலோ. 1895ல் தொடங்கிய இவ்வினத் துப்பாக்கி அண்மைக்காலம் வரை நம் போலீசாரிடம் புழங்கியது. உத்தரப்பிரதேசப் போலீசார் 2020ஆம் ஆண்டு ஜனவரியில்தான் இதற்கு விடைகொடுத்தனர்.

ஆனால் எங்கள் தாத்தாவின் துப்பாக்கி பட்டாளத்து உருவில் இல்லை. குழலின் நுனி வரை மூடியிருக்க வேண்டிய மரக்கட்டையைப் பாதியிலேயே அறுத்து, முனையை உருட்டி மெருகேற்றியிருந்தனர். சனியன் என்று பழைய சிப்பாய்கள் சொல்லும் குத்துக்கத்தியை மாட்டும் முனை நீக்கப்பட்டிருந்தது. குழலையும் சற்றுக் குறைத்து வேட்டைக்குரிய புதிய குறிமுள்ளைப் பொருத்தியிருந்தனர். காட்டில் தோளில் சுமந்து நடப்பவனுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் பெரிய உதவி அன்றோ? சிப்பாய் ஓய்வு பெற்று, சீருடையைக் கழற்றி, வேட்டி கட்டிக்கொண்டதுபோல இருந்தது அது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று குழலுக்குள் நிகழ்ந்திருந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதைக் கண்டு அஞ்சினர். 1878ல் ஆயுதச் சட்டம் செய்தனர். வடமேற்கு எல்லையில் பழைய பட்டாளத் துப்பாக்கிகள் கள்ளத்தனமாய்ப் பரவியபோது, அவற்றுக்குத் தோட்டா கிடைக்கலாகாது என்று 1907ஆம் ஆண்டளவில் .450 அளவுத் துப்பாக்கிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதையே தடுத்தனர். .303 அளவும் அவ்வாறே பொதுமக்களுக்கு விலக்கு ஆயிற்று. பட்டாளத்துத் தோட்டா வெளியாரின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே கருத்து.

சட்டம் ஒரு வாசலை மூடினால் வியாபாரம் மற்றொரு வாசலைத் திறக்கும் அல்லவா? பர்மிங்ஹாம் நகரத்து பி. எஸ். ஏ. கம்பெனியார் அதே லீ என்ஃபீல்டு உடலில் .315 அளவுக் குழலைப் பொருத்தி இந்தியாவுக்கு அனுப்பினர். அதற்குரிய தோட்டா எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அது ஆஸ்திரிய நாட்டுப் பட்டாளத்தின் பழைய தோட்டா! ஆங்கிலப் பட்டாளத்தின் தோட்டா ஆகாது. ஆஸ்திரியப் பட்டாளத்தின் தோட்டா ஆகலாம். பழைய .303 துப்பாக்கிகள் சிலவற்றின் குழலையும் இவ்வளவுக்குக் கடைந்து அகலப்படுத்தினர். எங்களுடையது அவ்வகை. விடுதலைக்குப் பின்னும் விதி மாறவில்லை. இஷாப்பூரில் இன்றும் லைசென்ஸ் பெற்றோர்க்கென .315 வேட்டைத் துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன.

பிற நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாட்டுப் பட்டாளத் துப்பாக்கிகள் குறைந்த விலைக்குக் குவிந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைத்து, கட்டையை அறுத்து, மான் வேட்டைக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே ஏராளம். 1963ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதும் அவ்வாறு தபாலில் வாங்கிய இத்தாலியப் பட்டாளத் துப்பாக்கியே. 1968ல் சட்டம் வந்து தபால் விற்பனை நின்றது. கனடாவின் வடபகுதியில் காவல் புரியும் ரேஞ்சர்களோ 1947 முதல் எழுபது ஆண்டுகளுக்கு அருகில் லீ என்ஃபீல்டையே வைத்திருந்தனர். பனியிலும் பழுதின்றி இயங்கியது என்பதே அதன் பெருமை.

தாத்தா இத்துப்பாக்கியை 1956ஆம் ஆண்டில், ஊரைவிட்டுப் புறப்பட இருந்த ஒரு தோட்டத் துரையிடம் முறைப்படி லைசென்ஸ் பெற்று வாங்கினார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்சில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் கேழ்வரகு கதிர் வாங்கும் பருவத்தில் காட்டுப்பன்றி வந்தால் மறுநாள் அறுவடை இல்லை.

ஆண்டர்சன் துரையின் காடு

காகிதங்கள் அணியமாவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று. வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கையில் நான் பெரியப்பாவிடம் கென்னத் ஆண்டர்சனைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ரயில்வே நூலகத்தில் அவருடைய புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் படித்தவன் நான்.

1910ல் பிறந்த ஆண்டர்சன் பெங்களூரில் வளர்ந்தவர். தபால் தந்தி இலாகாவிலும் பின்னர் நம் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றினார். அலுவல் நாளில் அலுவலகம், விடுமுறை நாளில் காடு என்று வாழ்ந்த அவர், 1939க்கும் 1966க்கும் இடையே மனிதரைக் கொன்று தின்னும் சிறுத்தைகள் எட்டையும் புலிகள் ஏழையும் சுட்டார் என்று கணக்கு உண்டு. ‘ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும்’ என்று பொருள்படும் அவருடைய முதல் புத்தகம் 1954ல் வெளிவந்தது. அதில் வரும் ஊர்கள் நம் ஊர்களே: ஜவளகிரி, கும்மளாபுரம், அஞ்செட்டி, பென்னாகரம். கும்மளாபுரத்துச் சிறுத்தை நாற்பத்திரண்டு பேரைக் கொன்றது என்று படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. அங்கே எங்கள் உறவினர் இருக்கின்றனர். அவர் கையாண்டது பட்டாளத்துத் துப்பாக்கி அன்று, அமெரிக்காவில் செய்த வின்செஸ்டர் .405. 1974ல் காலமானார்.

“சிறுத்தை ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது என்று அவர் எழுதியிருக்கிறாரா?” என்று பெரியப்பா கேட்டார்.

“பல காரணம் சொல்கிறார் பெரியப்பா. கும்மளாபுரத்துச் சிறுத்தையின் காலில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்து ஒடிந்திருந்தனவாம். ஆனால் பலவற்றுக்குப் பழைய துப்பாக்கிக் காயமே காரணம். குமாயூனில் வேட்டையாடிய ஜிம் கார்பெட்டும் பத்தில் ஒன்பது ஆட்கொல்லிப் புலிகளுக்குக் காயமே காரணம் என்று 1944ல் எழுதியிருக்கிறார்.”

பெரியப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. மூன்று இடங்களில் கையெழுத்திட்டார். மிச்சமிருந்த நான்கு தோட்டாக்களையும் எண்ணி ஒப்படைத்தார். காவலர் ஒருவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பொருள், ஒரு ரசீதுச் சீட்டாக மாறிவிட்டது.

“வா தம்பி, ஜவளகிரிக்குப் போய்வரலாம். இன்றே போகவேண்டும்” என்றார்.

பட்டாளக் குண்டும் வேட்டைக் குண்டும்

பஸ்ஸில்தான் அவர் அதைச் சொன்னார். அன்பர்களுக்கு அது விளங்க வேண்டுமானால் தோட்டாவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

பட்டாளத்துக் குண்டின் ஈயத்தை நுனி முதல் செம்பு கலந்த உறை முழுதும் மூடியிருக்கும். உடலில் பட்டால் சிதையாமல், ஊசி துணியில் போவதுபோல ஊடுருவி அப்பால் போய்விடும். வேட்டைக் குண்டின் நுனியிலோ ஈயம் வெளியே தெரியும். பட்டதும் அது காளான்போல விரிந்து, விலங்கை அவ்விடத்திலேயே வீழ்த்தும். கேட்பதற்கு இரண்டாவது கொடியதாகத் தோன்றும். போரில் அது கொடியதே. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் 1890களில் அவ்வாறு விரியும் குண்டுகளைச் செய்தனர். ‘டம்டம் குண்டு’ என்று உலகெங்கும் அதற்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. 1899ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதைப் பயன்படுத்தலாகாது என்று உறுதி செய்தன. காட்டில் நியாயம் தலைகீழ். விலங்கை உடனே கொல்லும் குண்டே இரக்கமுள்ள குண்டு. ஊடுருவிப் போகும் குண்டு விலங்கைக் கொல்லாமல் புண்ணாக்கி அனுப்பிவிடும். பட்டாளத்துப் பழந்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்கள் எந்நாட்டிலும் முதலில் கற்கவேண்டிய பாடம் இது.

1964ஆம் ஆண்டு. பெரியப்பாவுக்கு வயது பதினெட்டு. ஊரில் ஒரு சிறுத்தை பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அக்காலத்தில் அதைச் சுடுவதற்குத் தடை இல்லை. தாத்தா லைசென்சையும் கடிதத்தையும் பணத்தையும் பெரியப்பாவிடம் கொடுத்து, பெங்களூருக்குப் போய் ஈயநுனித் தோட்டா பத்து வாங்கி வரச் சொன்னார்.

“கடைக்கு வெளியே ஒருவன் நின்றான். பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். பழைய தோட்டா, நுனி மூடியது. எனக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்ல மாட்டேன் தம்பி, அப்பா பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறார். மீதிப் பணத்தில் கெம்பேகவுடா ரோட்டில் இரண்டு சினிமா பார்த்தேன். ஒரு சட்டைத் துணியும் வாங்கினேன்.”

வீட்டுக்கு வந்து, “கடையில் இவைதாம் இருந்தன” என்று தாத்தாவிடம் சொன்னார். தாத்தா ஒரு தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “இது பட்டாளத்துக் குண்டு. ஊடுருவிப் போய்விடும்” என்றார். ஆனால் அன்றைக்கு முந்திய இரவுதான் மற்றோர் ஆடு போயிருந்தது. ஊரார் வாசலில் நின்றனர். “இருப்பதை வைத்துப் பார்ப்போம்” என்று பரண் கட்டினார்.

சிறுத்தை இரவு பத்து மணியளவில் வந்தது. பெரியப்பா டார்ச் பிடித்தார். தாத்தா சுட்டார், பட்டது. சிறுத்தை ஒரு முறை எழும்பிப் புதருக்குள் பாய்ந்துவிட்டது. விடிவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. இரத்தத் தடம் கரைந்துபோயிற்று. காயம் பட்ட விலங்கைச் சுட்டவனே தேடிப்போய் முடிக்க வேண்டும் என்பது வேட்டைக்காரரின் அறம். தாத்தா இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள், ஜவளகிரிப் பக்கத்தில் மாடு மேய்த்த பன்னிரண்டு வயதுச் சிறுவன்மேல் அது பாய்ந்தது. மாடுகள் மிரண்டு ஓடிய சத்தத்தில் அவனை விட்டுப் போயிற்று. உயிர் பிழைத்தான், இடக்கை போய்விட்டது. அந்தச் சிறுத்தை மறுவாரம் ஓடை அருகே செத்துக் கிடந்தது. விலாவில் குண்டு புகுந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவாய் இருந்தனவாம்.

“அதற்குப் பிறகு அப்பா அந்தத் துப்பாக்கியால் எந்த உயிரையும் சுட்டதில்லை. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். பென்ஷன் வந்ததும் மாதந்தோறும் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு தொகையோடு போவார். சாகும்வரை தம்முடைய தவறு என்றே நினைத்திருந்தார். நானும் சொல்லவில்லை. உன் அப்பனுக்கும் தெரியாது. துப்பாக்கி சுவரில் இருக்கும்வரை எனக்கு வாய் வரவில்லை” என்றார் பெரியப்பா.

ஜவளகிரியில்

தளியைக் கடந்தபின் காற்று குளிர்ந்தது. இருபுறமும் கேழ்வரகு வயலும், அதற்கப்பால் மூங்கிலும் முட்புதரும் கலந்த காடும் தெரிந்தன. இக்காடு மேற்கே பன்னர்கட்டாவோடும், தெற்கே காவிரிக் கரையோடும் தொடர்ந்து கிடக்கிறது. யானைகளின் வழித்தடம் இது. தமிழ்நாட்டு அரசு 2014ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை இப்பகுதியில் அமைத்தது.

அவ்வீடு ஊரின் கோடியில் இருந்தது. திண்ணையில் ஒரு கிழவர் வலக்கையால் அவரை உரித்துக்கொண்டிருந்தார். இடக்கைச் சட்டை தோளருகே மடித்துத் தைத்திருந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் சீமை ஆதலால் அவர் பேச்சிலும் மூன்றும் இருந்தன. பெரியப்பாவை அடையாளம் கண்டு, “ஹவில்தார் மகனா? உட்காருங்கள் அண்ணா” என்று பாயை நகர்த்தினார். மருமகள் மோர் கொண்டுவந்தாள்.

பெரியப்பா மோரைக் குடிக்கவில்லை. பஸ்ஸில் என்னிடம் சொன்னதை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், சினிமாவையும் சட்டைத் துணியையும் விடாமல், அப்படியே சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஒரு கோழி வந்து அவரைத் தோலைக் கொத்திக்கொண்டிருந்தது.

கிழவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எந்தத் தோட்டாவாய் இருந்தால் என்ன அண்ணா? கை போனது போனதுதான். உங்கள் அப்பா மாதம் தவறாமல் இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிது. நீங்கள் இன்றைக்குத்தான் வருகிறீர்கள்” என்றார்.

பெரியப்பாவின் கண்களில் நீர் நிறைந்தது. கிழவர் மோர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, “குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள்” என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பின்னர் இருவரும் மழையைப் பற்றியும், யானை வந்து அழித்த வாழையைப் பற்றியும் ஒரு நாழிகை பேசிக்கொண்டிருந்தனர். புறப்படும்போது, “அடுத்த மாதம் வருகிறேன்” என்றார் பெரியப்பா. “வாருங்கள்” என்றார் அவர்.

அன்றிரவு ஊரில் தங்கினேன். சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுக்காமல் நீளமாய்த் தெரிந்தது.

சில எண்ணங்கள்

திரும்பி வரும் வண்டியில் பலவற்றை எண்ணினேன். 1970ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, வேட்டை என்னும் பொழுதுபோக்கு நம் நாட்டில் முடிவுற்றது. 1973ல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது இடங்களுள் நம் மாநிலத்துப் பந்திப்பூரும் ஒன்று. வேட்டைக்காரர்கள் புலித்தலையைப் பதப்படுத்தத் தந்த மைசூர் வான் இங்கன் நிறுவனமும் பின்னாளில் மூடப்பட்டது. துப்பாக்கியைக் குலச்சின்னமாய்க் கொண்டாடும் குடகர்க்கு மட்டும் 1861 முதல் லைசென்ஸ் விலக்கு இருந்து வருகிறது. 2019ல் அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தனர். அவர்களும் கைல்போத் திருநாளில் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வணங்குகின்றனரே அன்றி வேட்டைக்குச் செல்ல இயலாது.

ஆனால் விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நகரத்துப் பள்ளி ஒன்றில் சிறுத்தை புகுந்து, பிடிக்க வந்தவர்களைக் காயப்படுத்தியது. 2023 நவம்பரில் கூட்லு கேட் பகுதியில் மற்றொரு சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் சுடப்பட்டு இறந்தது. காட்டுப்பன்றியால் பயிர் இழக்கும் உழவர்களின் குறையோ இன்றும் ஓயவில்லை. அவர்களுடைய துயரத்தை நகரத்தில் இருந்துகொண்டு நாம் எளிதாய்ப் பேசலாகாது. கேழ்வரகு போனால் அவ்வாண்டு சோறு போயிற்று. எனினும் அவர்களுள் சிலர் இரகசியமாய் வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி இதற்குத் தீர்வு ஆகாது. அதன் சில்லுகள் விலங்கைக் கொல்வதைவிடப் புண்ணாக்குவதே மிகுதி. புண்பட்ட விலங்கு யார் வீட்டுப் பிள்ளைமேல் பாயும் என்று எவர் சொல்ல இயலும்?

நம் குடும்பங்கள் பலவற்றில் பட்டாளத்து நினைவுப் பொருள்கள் உண்டு. பதக்கம், கம்பளி, பூட்சு, ஒரு பழைய படம்; அரிதாய் ஒரு துப்பாக்கி. அவற்றைக் காட்டி நாம் பிள்ளைகளுக்கு வீரக் கதை சொல்கிறோம். சொல்வது நன்றே. அவற்றோடு சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்குமானால், அதைச் சொல்ல வேண்டியவரிடம் காலம் கடப்பதற்குள் சொல்லிவிடுவதும் நன்று. என் பெரியப்பாவுக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். “எழுது. பெயர் வேண்டாம். ஆனால் சட்டைத் துணியை விட்டுவிடாதே” என்றார். அவர் சொன்னவாறே எழுதியிருக்கிறேன். இம்மாதமும் அவர் ஜவளகிரிக்குப் போய்வந்தார் என்று அறிகிறேன்.